கொக்கிக் கத்தியும் காணிப்பாக்கத்துச் சத்தியமும்

கோணிப்பையை வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே போட்டான். உள்ளே கத்திகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அத்தனையும் எங்கள் பட்டறையில் செய்தவை. போன வாரம்தான் அதே கேட்டு வழியாக உள்ளே போயிருந்தன.

சித்தூரிலிருந்து வேலூர் போகிற ரோட்டில் இருந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரி அது. சீசன் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டோரம் வரிசை கட்டி நின்றன. வெயிலில் பழம் புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. இன்றைக்கும் அந்த வாடை வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் கேட்டுக் கம்பியைப் பார்த்துப் பேசினார்.

"ஏகாம்பரம், உன் சரக்கு மேல கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லப்பா. மெட்ராஸ்லருந்து வக்கீல் நோட்டீஸ் வந்து கீது. இந்தக் கத்தி பேட்டன்ட் ஆயிடுச்சாம். வேற யாரும் செய்யக் கூடாதாம், செஞ்சா நாங்க வாங்கவும் கூடாதாம். ஓனரு 'வொத்து'ன்னுட்டாரு, வேணாமாம்."

"பேட்டன்ட் யாரு பேருல?" கேட்டது நான்.

"உங்க சந்து ஆளுதான்மா. திருப்பதில ஷோரூம் போட்டு கீறாரே, தாமு."

ஏகாம்பரம் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். பையைக் கிழித்துக்கொண்டு ஒரு கத்தி முனை அவர் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தது. தாமுவின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன். அவருக்கும் சேர்த்து நானே திட்டினேன். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். அவர் பேசாமல் இருப்பதைப் பொறுமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

கேட்டுச் செய்கிற கத்தி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தேசம்மா. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் கையகல நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். ஏகாம்பரம் சின்ன வயதிலேயே சித்தூருக்கு வந்து, லாரிக்குக் கமான் பட்டை போடுகிற கடையில் சேர்ந்தார். லாரியின் அடியில் வளைவாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த இரும்புப் பட்டை. அது முறிந்துபோனால் கத்திக்கு அதைவிட நல்ல இரும்பு கிடையாது. முறிந்த பட்டையை வைத்துக்கொண்டுதான் அவர் கத்திப் பட்டறைக்கு வந்தார்.

எங்கள் சந்தில் ஏழெட்டுப் பட்டறைகள் இருந்தன. சந்தையில் குவித்து விற்கிற கத்தியை நாங்கள் செய்வதில்லை. எல்லாம் ஆள் கேட்டுச் செய்கிற கத்தி. வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்ட வேண்டும். அவர் கையைப் பார்த்துப் பிடி வைப்போம், அவர் வேலையைப் பார்த்து வெட்டுகிற வாயை வைப்போம். கறிக்கடைக்காரர் வருவார், மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர் வருவார். திருப்பதி ஓட்டல்களிலிருந்து சமையல் மாஸ்டர்கள் பஸ் ஏறி வருவார்கள். அவர்களில் ஒருத்தர் ஒரு கிலோ வெங்காயத்தோடு வந்து, கத்தியால் நறுக்கிப் பார்த்துத்தான் எடுத்துப் போவார். அவர் வந்தால் சந்தில் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். கன்னியப்பன் மட்டும் அசைய மாட்டார்.

கன்னியப்பன்தான் சந்தில் மூத்தவர். பெரிய பட்டறை அவருடையது. நல்லது கெட்டது எதுவானாலும் அவர் பட்டறை வாசலில்தான் கூடுவோம். கூடுவோம் என்று சொல்கிறேன், கூடுகிறவர்கள் ஆம்பிளைகள். நாங்கள் கதவோரம் நிற்போம்.

ஒரு காய்ப்பு

பேட்டன்ட் என்கிற வார்த்தை எங்கள் சந்துக்குப் புதிது. விஷயம் புதிதில்லை. எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது.

ஒருவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் முதல் கத்தியைக் கொண்டுபோய்க் கன்னியப்பன் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்ட வேண்டும். அதை மாட்டினால், மாமரம் ஒரு முறை காய்த்து ஓய்கிறவரை அந்தக் கத்தியை அவன் மட்டும்தான் செய்யலாம். ஒரு காய்ப்பு என்போம். காய்ப்பு முடிந்ததும் ஆணியிலிருந்து அது இறங்கும். அதற்கப்புறம் சந்தில் எல்லாருடைய கத்தி அது. கண்டுபிடித்தவனே முன்னால் நின்று, எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். கை மறைக்கக் கூடாது.

ஒருத்தர் மறைத்தார். பெயர் வேண்டாம், அவர் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மெல்லிசான கறிக்கத்தி ஒன்று கண்டுபிடித்துவிட்டு, அதை எண்ணெயில் முக்குவதற்கு முன்னால் எந்த நிறத்துக்குக் காய்ச்சுவது என்பதை மாற்றிச் சொல்லிக் கொடுத்தார். மற்றவர்கள் அடித்த கத்தியெல்லாம் கண்ணாடி மாதிரி உடைந்தது. விஷயம் தெரிந்ததும் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் உலைக்கு நெருப்பு கேட்டு வந்தால் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அடுத்த காய்ப்புக்குள் அவர் வேலூருக்கு ஜாகை மாற்றிவிட்டார்.

கோர்ட்டு கிடையாது, ஸ்டாம்ப் பேப்பர் கிடையாது. அப்படியே நடந்துகொண்டிருந்தது. அதைப் பெரிய புண்ணியம் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சுவரில் ஒரு பெண் பிள்ளை பேரில் எதுவும் மாட்டியதில்லை. அது யாருக்கும் ஒரு குறையாகவும் தோன்றியதில்லை.

பெங்களூராப் பால்

நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதிய காலம். எங்கள் ஊருக்கு அந்தக் கதவு வழியாக வந்தது மாம்பழக்கூழ் ஆர்டர். புதிது புதிதாக ஃபேக்டரி கிளம்பியது. வெளிதேசத்துக்காரர்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, பழம் வெட்டுகிற ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரப்பிடி போட்ட கத்தி இங்கே கூடாது, அதில் கிருமி தங்கும் என்று சொல்லிப் போனார்கள். உடனே எல்லா ஃபேக்டரியும் நைலான் பிடிக்கு மாறியது.

பட்டறை வருமானம் பத்தாமல் நானும் அந்த ஹாலில் சீசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாளெல்லாம் ஈரத்தில் நின்று வெட்ட வேண்டும். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்துபோகும். நைலான் பிடியில் அலகு நிற்காது. அடித்து இறுக்கிய ஆணி கொஞ்ச நாளில் தளர்ந்து, வெட்டும்போது அலகு கைக்குள்ளேயே திரும்பும். என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு அப்படித் திரும்பி உள்ளங்கை பிளந்தது. கூடையில் இருந்த பழத்தைக் கொட்டிக் கழுவினார்கள். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் அவள் இடத்தில் வேறு பெண் நின்றாள்.

எனக்கு அந்தக் கை மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு நாள் காலையில் ரவிக்கை மாட்டும்போதுதான் உறைத்தது. ரவிக்கைக் கொக்கி எவ்வளவு சின்னது! மூச்சை இழுத்தாலும் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் கழன்று விழுகிறதா? இழுக்க இழுக்க இறுகுகிறது. கழற்ற வேண்டுமானால் எதிர்ப்பக்கம் தள்ளித் தூக்க வேண்டும். கத்தியும் பழத்தை அறுக்கும்போது பிடியிலிருந்து வெளியே இழுபடத்தானே செய்கிறது!

வேலைக்குப் போகவில்லை. எண்ணெய் டப்பாத் தகட்டை வெட்டி, அலகில் பிடிக்குள் நுழைகிற வாலைக் கொக்கி மாதிரி வளைத்து, பிடிக்குப் பதில் ஒரு வாழைமட்டையில் துளை போட்டு மாட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அரம் இரவல் கேட்டு வந்தவன்தான் தாமு. இரண்டு வீடு தள்ளிப் பட்டறை வைத்திருந்தான். என்னை அக்கா என்பான். எங்கள் வீட்டில் உரிமையோடு தட்டெடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவான்.

"இன்னாக்கா, பொம்மை செஞ்சிகினு கீற?"

"பொம்மை இல்லடா, கத்திக்கு வாலு. ஆணியே வேணாம்."

வாங்கி இழுத்துப் பார்த்தான். தள்ளிப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகு என் கையில் கொடுத்துவிட்டு அரத்தோடு போனான்.

சாயங்காலம் ஏகாம்பரத்திடம் காட்டினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. ராப்பகலாக உட்கார்ந்து துருப்பிடிக்காத இரும்பில் அதை நிஜக் கத்தியாக்கியது அவர்தான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆணியில் மாட்டக் கொண்டுபோகும்போது மட்டும் என்னிடம் சொன்னார்:

"இத ரவிக்கையப் பாத்து செஞ்சதுன்னு எங்கயும் சொல்லிகினு இராதமே. பொண்டாட்டி ஜாக்கெட்ட அவுத்துப் பாத்து கத்தி செஞ்சான்னு சந்தே சிரிக்கும்."

அலகில் அவர் பட்டறை முத்திரையைக் குத்தினார். ஒரு பட்டறைக்கு ஒரு முத்திரைதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தக் காய்ப்பு எங்களுடையது. ஃபேக்டரிக்காரர்கள் தேடி வந்தார்கள். வெட்டுகிற பெண்களே மழுங்கின அலகைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்ற இடத்தில் வேறு மாட்டிக்கொண்டார்கள். அடுத்த காய்ப்பில் முறைப்படி கத்தி ஆணியிலிருந்து இறங்கியது. ஏகாம்பரம் பட்டறை பட்டறையாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். தாமுவுக்குக் கொக்கியின் கழுத்து அரத்தில் முறிந்து முறிந்து போனது. அவன் கையைப் பிடித்து அரம் ஓட்டக் கற்றுத் தந்தார்.

கண்ணாடிக் கதவு

தாமு நடுவில் பெங்களூரில் ஒரு டூல் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தான். திரும்பி வந்தவன் சித்தூருக்கு வரவில்லை. திருப்பதியில், ரேணிகுண்டா போகிற பக்கம், கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூம் திறந்தான். சாமி பார்க்கக் காரில் வருகிற கம்ப்யூட்டர் பிள்ளைகள் கத்தியை வெல்வெட் டப்பாவில் வைத்து வாங்கிக்கொண்டு போவார்கள் என்று அவன் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

கோணிப்பை திரும்பி வந்த மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போய் நின்றோம். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சுவரில் விளக்குப் போட்டு என் கொக்கிக் கத்தி. காபி வரவழைத்தான்.

"அண்ணா, கோச்சிக்காத. ஒரு காய்ப்பு, ரெண்டு காய்ப்புன்றது நம்ம சந்தோட சரி. வெளில இருபது வருஷம். நான் எடுக்கலன்னா எவனாவது சேட்டு எடுத்திருப்பான். நம்மாளு பேருல கீதேன்னு சந்தோஷப்படு. எனக்கே செஞ்சி குடு, பீஸுக்கு இவ்ளோன்னு வாங்கிக்க."

"நீ எடுத்தியே, அது யாரு செஞ்சதுன்னு உனக்குத் தெரியாதாடா?" என்றேன்.

தாமு என்னைப் பார்க்கவில்லை. ஏகாம்பரத்தைப் பார்த்தான்.

"அண்ணன் சொல்லட்டும்கா, யாரு செஞ்சதுன்னு."

ஏகாம்பரம் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கோபத்தில் எழுந்ததாக நினைத்து நானும் எழுந்தேன். என் புத்தியை எதால் அடிப்பது!

வக்கீல் ஒரு வழி, சந்து ஒரு வழி

சித்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். சின்ன வயது, ஆனால் விஷயம் தெரிந்தவர். தாமு எழுதிப் போடுவதற்கு முன்னாலேயே இந்தக் கத்தியை ஊரறியச் செய்து விற்றிருந்தால் அந்தப் பேட்டன்ட் நிற்காது என்றார். "சந்துல இருக்கறவங்க நாலு பேர் வந்து, நாங்கல்லாம் முன்னாடியே செஞ்சோம்னு சொன்னா போதும்மா. கொஞ்சம் நாளாகும், ஆனா உடைச்சிடலாம்."

நான் அங்கேயே அவர் காலில் விழப் போனேன்.

கன்னியப்பன் பட்டறையில் கூடினார்கள். கோர்ட்டு என்றதுமே ஆளாளுக்கு முகம் சுருங்கியது. கோர்ட்டுக்குப் போய் ஆட்டை விற்றவர், மாட்டை விற்றவர் கதையெல்லாம் வெளியே வந்தது.

கன்னியப்பன் முடித்து வைத்தார்: "எதுக்கு மெட்ராஸ், எதுக்கு கோர்ட்டு? பத்து மைல்ல காணிப்பாக்கம் கீது. ரெண்டு பேரும் முழுகிட்டு வந்து புள்ளையார் முன்னாடி சத்தியம் பண்ணட்டும். சத்தியம் பண்றவன் பக்கம் சந்து நிக்கும். பண்ணாதவனுக்கு சாட்சிக்கு ஒருத்தனும் வர மாட்டோம். இன்னா சொல்றீங்க?"

எங்கள் பக்கத்து ஆள் இல்லாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூடக் காணிப்பாக்கத்தில் வாய் திறக்கப் பயப்படுவான். ஆடு திருடினவன், வரப்பை நகர்த்தினவன், எத்தனையோ பேர் அந்தக் குளத்துப் படியிலேயே அழுது ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் சந்தோஷம். தாமு மாட்டினான் என்று நினைத்தோம். கன்னியப்பன் போன் போட்டார். தாமு ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் வருகிறேன் என்றான். அவன் ஏன் அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்று ராத்திரி சோறு போடும்போது ஏகாம்பரத்திடம் சொன்னேன்.

"நான் கண்டுபுடிச்சேன்னு சொல்லாதய்யா. எங்க வூட்டுக்காரி கண்டுபுடிச்சா, எங்க பட்டறைல செஞ்சோம், இது சத்தியம்னு சொல்லிட்டு வந்துடு. அவ்ளோதான். உண்மையும் ஆச்சி, பட்டறையும் நின்னுச்சி."

"சரிமே" என்றார்.

ஈர வேட்டி

விடிந்து பஸ் பிடித்துப் போனோம். சந்தில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். தாமு காரில் வந்தான், ஆனால் சட்டையைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய தாமுவாகத்தான் குளத்தில் இறங்கினான்.

அவன்தான் முதலில் முழுகினான். ஈர வேட்டியோடு உள்ளே வந்து கையைக் கூப்பினான். குரல் நடுங்கவே இல்லை.

"இந்தக் கொக்கிக் கத்திய மொதமொதல்ல கண்டுபுடிச்சது ஏகாம்பரண்ணன் இல்ல. இது சத்தியம்."

இவன் சாமியின் முன்னால் துணிந்து பொய் சொல்கிறானே என்று கூட்டத்தில் இருந்தவர்கள் நடுங்கினார்கள். எனக்கு வேறு நடுக்கம். அவன் சொன்னதில் பொய்யே இல்லை. அந்த டப்பாத் தகடு என் கையில் இருந்ததை அவன் பார்த்தவன். ஏகாம்பரம் அதை ஊரில் தன் பேரில் சொல்லிக்கொண்டதையும் பார்த்தவன். எங்கள் வீட்டின் அந்த ஒரு ஓட்டையில் கையை விட்டுத்தான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான்.

ஏகாம்பரம் முழுகிவிட்டு வந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக் கல்லில் ஓடியது.

"சொல்லுப்பா" என்றார் கன்னியப்பன். "நான்தான் கண்டுபுடிச்சேன், சத்தியம்னு சொல்லு."

அவர் உதடு அசைந்தது. பொய் சொல்ல அந்த இடத்தில் வாய் வராது, அது எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லட்டுமே! மூன்றே வார்த்தை. என் பொண்டாட்டி கண்டுபிடித்தாள். அவர் பிள்ளையாரைப் பார்த்தார். திரும்பி, தன்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஆம்பிளைகள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. பிறகு கும்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தார்.

மண்டபத்துக்கு வெளியே ஓடிப்போய் நான் கத்தினேன். "அவரு கண்டுபுடிக்கல, நான் கண்டுபுடிச்சேன்! தாமுவக் கேளுங்க, அவன் பாத்தான்! நான் முழுகறேன், நான் சத்தியம் பண்றேன்!"

கன்னியப்பன் கெட்டவர் இல்லை. இரக்கத்தோடுதான் சொன்னார்: "புருஷன் மானத்தக் காப்பாத்த கோயில் வாசல்ல இப்டிப் பேசக் கூடாதும்மா. ஒத்துக்கினு வந்தது ரெண்டு பேரு. மூணாவது ஆளுக்கு இங்க சத்தியம் கெடையாது."

சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, உன் வூட்டுக்காரி சொல்றது நெசமா?"

தாமு தலையைக் குனிந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான். எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். இன்னமும் நேரம் இருந்தது. நெசம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சந்து எங்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

"அவ இன்னாவோ சொல்லிகினு கீறா, வுடுங்க" என்றார்.

பட்டறைக்குப் பிறகு

அதற்கப்புறம் வக்கீலுக்கு ஒரு சாட்சிகூடக் கிடைக்கவில்லை. வீடு வீடாகப் போய் நின்றேன். கன்னியப்பன் சுவரில் அந்தக் கத்தி தொங்கியது உண்மைதான், நாங்களும் அதைச் செய்தது உண்மைதான், ஆனால் காணிப்பாக்கத்தில் தோற்றவனுக்காகக் கோர்ட்டில் பேசினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். எங்களை மட்டும் அவர்கள் தோற்கடிக்கவில்லை. நோட்டீஸ் எல்லாப் பட்டறைக்கும்தான் வந்திருந்தது. ஃபேக்டரி வேலை மொத்தமும் திருப்பதிக்குப் போனது. சிலர் தாமுவிடமே பீஸ் ரேட்டுக்குச் சேர்ந்தார்கள். சிலர் பெங்களூருக்கு லாரி ஏறினார்கள். கன்னியப்பன் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. தாமுவை நான் இன்றும் மன்னிக்கவில்லை, ஆனால் ராத்திரியில் பல்லைக் கடிப்பது அவனை நினைத்து இல்லை.

நாங்கள் அம்பத்தூருக்குப் போனோம். அவருக்கு ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. பெரிய சட்டை கொடுத்தார்கள், அவருக்குத் தொளதொளவென்று இருக்கும். எனக்குப் பேக்கிங்கில். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே பானையில் சாப்பிட்டோம். நான் அவரிடம் வேறெதைப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து முட்டும். "ஏன்யா சொல்லல?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஒரே ஒரு தரம், மழை பெய்து வெளியே போக முடியாத நாள், கதவு சாத்தியிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன் கத்திதான்மே அது. எனக்குத் தெரியாதா?"

"எனக்கு எதுக்குய்யா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. ஊருக்குப் போயி சொல்லு. கன்னியப்பண்ணன் இன்னும் உயிரோடதான் கீறாரு, அவருகிட்டயாவது சொல்லு."

"சொல்றேன்" என்றார். வருஷங்கள் போயின. கன்னியப்பன் செத்தார். எழவுக்குப் போனோம், ஏகாம்பரம் மாலை போட்டுவிட்டு வந்தார். அங்கேயும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் டியூட்டியில், கேட்டிலேயே விழுந்தார். வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. டாக்டர், பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வரலாம், வராமலும் போகலாம் என்றார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். பார்த்தவர்கள் புருஷனுக்காக அழுகிறாள் என்று தண்ணீர் கொடுத்தார்கள். அவருக்காகவும்தான் அழுதேன். ஆனால் அந்த வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் காத்திருந்தேனே, அது இனிமேல் வராது என்றுதான் அதிகம் அழுதேன். இதை எழுதக் கூடாது என்றாள் என் மகள். எழுதிவிட்டேன்.

ஒண்டியாக

சித்தூருக்கே திரும்பி வந்தோம். வாடகை குறைவு, மகளும் பக்கத்தில் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காணிப்பாக்கம் பஸ்ஸில் ஏறினேன். குளத்தில் முழுகினேன். ஈரப் புடவையோடு கியூவில் நின்றேன். என் முறை வந்தபோது வாய்விட்டே சொன்னேன். கொக்கிக் கத்தி நான் கண்டுபிடித்தது, இது சத்தியம் என்று. பின்னால் இருந்தவர்கள் நகரும்மா, நகரும்மா என்று தள்ளினார்கள். குழந்தைக்குப் பரீட்சை என்று ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள். என் சத்தியத்தைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. மனசு ஆறும் என்று நினைத்துப் போனேன். ஆறவில்லை.

வெளியே வந்து படியில் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன். அங்கே பூ விற்கிற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இதையெல்லாம் பார்க்கிறவள். சத்தியத்துக்கு வந்த முகம் அவளுக்குத் தெரியாதா?

"சத்தியமாம்மா?"

"ஆமா."

அவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "சத்தியம்னா ரெண்டு பேரும் சேந்துல்ல வருவாங்க. ஒண்டியா முழுகிட்டு வர்றியே, உன் எதிராளி எங்க?"

தாமு பெயர்தான் வாயில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"வூட்ல படுத்துகினு கீறாரும்மா" என்றேன். "கஞ்சி ஊட்டிட்டுதான் வந்தேன்."